பதினோராம் நம்பர் கையுறை

தையல்காரன் சேக் அலாவுதீனுக்கு உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துவிட்டது.

காரைக்கால் கடைத்தெருவில் அவன் கடை ஒற்றைக் கதவு அகலம்தான். காலையில் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தால் தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் மட்டும் எழுந்திருப்பான். மற்ற நேரமெல்லாம் கால்கள் மிதித்துக்கொண்டே இருக்கும். எந்த ஊருக்கும் போய்ச் சேராது. இதுவரை மிதித்த மிதிக்குக் கப்பல் இல்லாமலே சைகோன் போய், அங்கே ஒரு காப்பியும் குடித்துவிட்டுத் திரும்பியிருக்கலாம் என்று சில நாள் தோன்றும். நிமிர்ந்து பார்த்தால் எதிரே அதே பாத்திரக்கடை, வெயிலில் கண்ணைக் கூசவைக்கும் அதே குண்டான்கள்.

ஒரு நாள் கால்சட்டையின் இடுப்பைச் சிறிதாக்கக் கொண்டுவந்தான் பாலகுரு. கோட்டுச்சேரிக்காரன், அலாவுதீனின் வயதுதான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து இந்தோசீனாவில் சண்டை போட்டுத் திரும்பியிருந்தான். பட்டாளத்துக்காரனைப் பிரெஞ்சுக்காரர்கள் சொல்வதுபோல ஊரும் அவனைச் 'சொல்தா' என்றே கூப்பிட்டது. ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கி நாலு மாதம் ஆகிவிட்டது, அவன் பட்டாளம் மாறவில்லை. விடுப்பு முடிந்ததும் மறுபடி கப்பலேற வேண்டும்.

அளவெடுக்கும்போது அவன் நின்ற விதம் அலாவுதீனுக்குச் சிரிப்பை வரவழைத்தது. ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே, முழங்கால் லேசாக மடங்கி.

"என்னா சொல்தா, தலையைக் கிலையைச் சுத்துதா?"

"தள்ளிப் பாருங்க பாய்."

அலாவுதீன் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு தள்ளினான். தென்னை மரத்தைத் தள்ளியது போலிருந்தது. பாலகுரு அசையவில்லை; சிரிக்கத்தான் செய்தான்.

"இதாம் பாய் பொக்ஸ். குத்துச்சண்டைல குத்துறது அப்புறம். மொதல்ல நிக்கத் தெரியணும்."

நிற்கத் தெரிய வேண்டும் என்ற அந்தச் சொல் அலாவுதீனுக்குள் எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டது. மறுநாள் காலையிலேயே சைக்கிளை எடுத்துக்கொண்டு கோட்டுச்சேரிக்குப் போனான்.

அவன் மனைவி அஜீசுன்னிசாவுக்கு விஷயம் ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. அவன் தைக்கும் சட்டைகளுக்கு வீட்டில் காஜா எடுத்துப் பொத்தான் வைப்பது அவள். ஊசியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"யாரை அடிக்கப் போறீங்க மச்சான்?"

"யாரையும் இல்ல."

"அப்ப யாருகிட்ட அடி வாங்கப் போறீங்க?"

"நின்னுகிட்டு ஒரு காரியம் செய்யணும்போல இருக்கு அஜீசு. அவ்வளவுதான்."

"நின்னுகிட்டு செய்யிற காரியம் வூட்டுல எவ்வளவோ கெடக்கு. கெணத்துல தண்ணி எறைங்களேன்."

அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவள் ஊசியை எடுத்தாள்.

"சரி, போங்க. ஆனா நமக்குச் சோறு போடுறது இந்தக் கைதான். ஒரு தையல் கோணிச்சோ, அன்னிக்கே அந்தப் பொக்ஸுக்குத் தலாக்குச் சொல்லிடணும். சம்மதமா?"

சம்மதம் என்றான். அப்போது அது சுலபமான வாக்காக இருந்தது. பத்து வருடமாக அவன் தையல் கோணியதே இல்லை.

வெறுங்கையால் காற்றைக் குத்திப் பழகிய பிறகு கையுறைக்கான நாள் வந்தது. அன்று பாலகுரு பட்டாளக் காகிதம் விஷயமாகப் பாண்டிச்சேரிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தான். டிரங்குப் பெட்டியைத் திறந்து இரண்டு ஜோடிகளை எடுத்துக் கயிற்றுக் கட்டிலில் போட்டான்.

"ஒண்ணை எடுத்துக்குங்க பாய். நான் வர்ற வரைக்கும் வூட்டுல ஒரு மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டுப் பழகுங்க. சேஸ் ஓன்ஸ் எடுங்க, என்னா? சேஸ் ஓன்ஸ்!"

"பஸ்ஸு போயிடும்" என்று உள்ளேயிருந்து அவன் மனைவி ராஜம் குரல் கொடுத்தாள். அவன் சட்டையை மாட்டிக்கொண்டே ஓடினான்.

அலாவுதீன் கட்டிலுக்கு முன்னால் நின்றான். ஒரு ஜோடி சிவப்பு. மாதுளம்பழத் தோல் போலப் பளபளப்பு. மணிக்கட்டில் தெளிவாக எட்டு என்று எண் அச்சிட்டிருந்தது. மற்றது பழுப்பு. உப்பி, கனத்து, இரண்டு பலாப்பிஞ்சுகளைக் கயிற்றால் கட்டிப்போட்டது போலக் கிடந்தது. அதன் எண் வியர்வையில் அழிந்துபோயிருந்தது.

சேஸ் ஓன்ஸ். அலாவுதீன் படித்தது பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில்தான். ஆனால் எண்கள் பன்னிரண்டு வரை வந்தபோது வாப்பா மௌத்தாகிவிட்டார். அவனைத் தையல் கடையில் விட்டார்கள். அவன் பிரெஞ்சும் பன்னிரண்டோடு நின்றுபோயிற்று. அதற்கு முந்தின எண் அவனுக்கு நன்றாகத் தெரியும். ஓன்ஸ் என்றால் பதினொன்று. சேஸ் என்பது சைஸ். அக்கரைக்குப் போய்வந்தவர்கள் எதையும் நேராகச் சொல்வதில்லை. ஆக, சைஸ் பதினொன்று. எண் அழிந்த அந்தப் பழுப்பு ஜோடிதான் அது.

அவன் தன் கையைப் பார்த்துக்கொண்டான். சிறிய கை, ஒல்லி விரல்கள். பதினொன்று என்பது முறம்போல உள்ளங்கை வைத்திருக்கும் பாலகுருவுக்குச் சரி. சொல்தா தன் அளவை நினைத்துக்கொண்டு அவசரத்தில் சொல்லிவிட்டான். ஊருக்கெல்லாம் அளவு பார்க்கிறவனுக்குத் தன் அளவு தெரியாதா? அவன் செருப்புகூட எட்டுதான்.

சிவப்பில் கையை நுழைத்தான். தோலோடு தோலாகப் பிடித்துக்கொண்டது. விரல்களுக்குத் துணி சுற்றிக்கொண்டுதான் உறை போட வேண்டும் என்று பாலகுரு முன்பே சொல்லியிருந்தான். துணி சுற்றினால் கை நுழையவில்லை. அதனால் துணியை விட்டுவிட்டான்.

வீட்டுக் கொல்லையில் முருங்கைக்குப் பக்கத்தில் இருந்த வேப்பமரத்தில், வெட்டுத்துணியும் மணலும் அடைத்த சாக்கு தொங்கியது. முதல் குத்து விழுந்தபோது, தூரத்துக் கடற்கரை ஒன்றில் யாரோ தனக்காகக் கதவைத் திறந்தது போல இருந்தது அலாவுதீனுக்கு. கையில் கனமே தெரியவில்லை. சிவப்பு பறந்தது, திரும்பியது, மறுபடி பறந்தது. அவன் வாய்விட்டுச் சிரித்தான். வேலிக்கு அந்தப் பக்கம் கோழிகள் சிதறி ஓடின.

நாலைந்து நாளில் முட்டிகள் சிவந்தன. பிறகு வலது கட்டைவிரலின் அடி வீங்கியது. புதிதாகக் கற்கிறவனுக்கு இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டான். மனைவிக்கு முன்னால் சோற்றை மெதுவாகப் பிசைந்தான்.

நோன்பு மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. பெருநாளுக்குத் துணி தைக்க ஆட்கள் வந்து குவிந்தார்கள். முதலில் வந்தவர் மரக்கடை மதார் சாகிப். அவருக்கு ஒரு வெள்ளை ஜுப்பா. அன்று கத்திரியைப் பிடிக்கும்போதே அலாவுதீனுக்குக் கண்ணில் நீர் வந்தது. துணியை ஊசிக்கடியில் தள்ளும் கட்டைவிரல் சொன்னபடி கேட்கவில்லை.

சாயங்காலம் காஜா எடுக்க ஜுப்பாவை மடியில் விரித்த அஜீசுன்னிசா கழுத்துப் பட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். தையல் நேராகப் போய், நடுவில் ஆற்று வளைவுபோல ஒதுங்கி, மறுபடி நேரானது. அவள் அதை அவன் முன்னால் வைத்தாள். பிறகு அவன் வலது கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"எத்தனை நாளா?"

அவன் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தான்.

"சொல்லிடுங்க மச்சான். வாக்குக் கொடுத்திருக்கீங்க."

அலாவுதீன் சுவரைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான்: "பொக்ஸுக்குத் தலாக்கு."

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவள் இதை விளையாட்டாகத்தான் கேட்டிருந்தாள். ஆனால் அவன் முகம், பொருள் எல்லாம் ஏற்றிய கப்பல் தன்னை விட்டுவிட்டுப் போவதைப் பார்த்து நிற்கிறவன் முகமாக இருந்தது.

"போதும்" என்றாள் அவசரமாக. "மிச்சம் ரெண்டும் இப்பச் சொல்ல வேணாம். மொதல்ல அந்த மனுசன்கிட்டப் போயி, புருசன் கையை ஏன் இப்படிப் பண்ணினீங்கன்னு நான் கேக்கணும்."

மறுநாள் குதிரை வண்டியில் இருவரும் கோட்டுச்சேரிக்குப் போனார்கள். வெள்ளைத் துப்பட்டி போர்த்திய அஜீசுன்னிசா மடியில் சிவப்புக் கையுறையை வைத்திருந்தாள், பிடிபட்ட கோழியை வைத்திருப்பது போல.

பாலகுரு முந்தின நாள்தான் பாண்டிச்சேரியிலிருந்து திரும்பியிருந்தான். அலாவுதீனின் விரலை அப்படியும் இப்படியும் அசைத்துப் பார்த்தான்.

"எலும்பு ஒண்ணும் ஆகலை. சுளுக்குத்தான். ஆனா இது எப்படி..." என்றவன் அஜீசுன்னிசாவின் கையில் இருந்ததைப் பார்த்துவிட்டான். "பாய்! இதையா எடுத்துகிட்டுப் போனீங்க?"

"நீங்க குடுத்ததுதானே அண்ணே?" என்றாள் அஜீசுன்னிசா.

"நான் எங்கம்மா குடுத்தேன்? சேஸ் ஓன்ஸ் எடுங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"இவரு கைக்குச் சைஸ் பதினொண்ணு பெருசு அண்ணே. அதான் எட்டை எடுத்தாராம்."

"எந்தப் பதினொண்ணு?"

"ஓன்ஸ் பதினொண்ணுதானே?" என்றான் அலாவுதீன். "சைஸ் ஓன்ஸ்."

பாலகுரு விழித்தான். முதலில் புரிந்தது ராஜத்துக்குத்தான். அவள் பிரெஞ்சுப் பள்ளியில் சர்டிபிகேட் வரை படித்தவள். வாயைப் பொத்திக்கொண்டாள், முடியவில்லை, தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"சைஸ் இல்லங்க பாய். சேஸ்! சேஸ்னா பதினாறு. ஓன்ஸ்னு இவரு சொன்னது எண்ணே இல்ல. மருந்து பாட்டில்ல அவுன்ஸ் போட்டிருக்கும்ல? அந்த அவுன்ஸைத்தான் பிரெஞ்சுல ஓன்ஸ்ங்கிறது. பதினாறு அவுன்ஸ் எடை உள்ளதை எடுங்கன்னு சொல்லியிருக்காரு."

"எடையா?" அலாவுதீன் பழுப்பு ஜோடியைப் பார்த்தான். "அப்ப அந்த எட்டு?"

"எட்டு அவுன்ஸ்" என்றான் பாலகுரு. "அது வருசக்கணக்கா குத்திக் குத்தி கை காய்ச்சவன் பந்தயத்துக்குப் போடுறது பாய். உள்ள பஞ்சே இல்ல. கைக்கு அளவா இருக்கேன்னு பாத்தா எப்படி? துணி சுத்தின கை உள்ள போயும் எடம் இருக்கணும். புதுசா கத்துக்கிறவனுக்குக் கனமானதுதான் தொணை."

"பன்னெண்டோட பள்ளிக்கூடத்த விட்டா இதான்" என்று முணுமுணுத்தான் அலாவுதீன்.

அஜீசுன்னிசா சிரிக்கவில்லை. "கேட்டா எல்லாம் நல்லாத்தான் இருக்கு. அந்தப் பெருசுல மட்டும் கை வலிக்காதுன்னு என்னா நிச்சயம்?"

"போட்டுப் பாருங்களேன்" என்றாள் ராஜம். சொன்னவள் உள்ளே போய் ஒரு தலையணையை எடுத்துவந்து மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். "வாங்க. என்னைக் குத்துங்க."

"அய்யோ, என்னாக்கா இது!"

"ஆம்பளைங்க அந்தப் பக்கம் திரும்பிக்குங்க" என்று ராஜம் உத்தரவு போட்டாள். இருவரும் திரும்பிக்கொண்டார்கள், முக்கால்வாசி.

அஜீசுன்னிசா துப்பட்டியை இடுப்பில் செருகிக்கொண்டு முதலில் சிவப்பைப் போட்டாள். ஒரே குத்து. "உம்மா!" என்று கையை உதறினாள். பிறகு ராஜம் அவள் கையில் துணி சுற்றி, பழுப்பை மாட்டி, கயிற்றை இழுத்துக் கட்டினாள். அஜீசுன்னிசா முட்டிகளைப் பயத்தோடு பார்த்துவிட்டுக் குத்தினாள். தொம் என்றது. ராஜம் ஓரடி பின்னால் போனாள்.

அஜீசுன்னிசா கையைப் பார்த்தாள். வலி எதுவும் வந்து சேரவில்லை.

"இன்னொண்ணு" என்றாள்.

இந்த முறை ராஜம் சுவரில் போய் முட்டிக்கொண்டாள். "போதும்டியம்மா! நான் இவரோட கப்பலேறணும்!"

திரும்பும்போது வண்டியில் பழுப்பு ஜோடி அவள் மடியில் இருந்தது. வரிச்சிக்குடிப் பக்கமிருந்து நெல் வண்டிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு வழிவிட்டுக் குதிரை நின்றது.

"ஒரு தலாக்குத்தான் சொல்லியிருக்கேன்" என்றான் அலாவுதீன் மெல்ல. "ஒண்ணு சொன்னா மீட்டுக்கலாம். அதுக்கு வழி இருக்கு."

"இருக்கு. ஆனா எடுத்த ஒடனே இல்ல. மொதல்ல விரலு ஆறணும். மதார் சாகிப் ஜுப்பா நேரா வரணும். பெருநா கழியணும். அப்புறம் பாக்கலாம்."

அலாவுதீன் கோணிய பட்டியைப் பிரித்து, விரல் ஆறிய பிறகு மறுபடி தைத்தான். நோன்பு நாட்களில் பசியோடு தைத்த துணிகள் ஒவ்வொன்றையும் அஜீசுன்னிசா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் ஊசியில் நூல் கோத்தாள். ஒன்றையும் திருப்பித் தரவில்லை. பாலகுருவும் ராஜமும் கப்பலுக்குப் போகும் முன் வந்து சொல்லிக்கொண்டு போனார்கள். நாகப்பட்டினத்தில் ஒரு பொக்ஸ் கிளப் இருக்கிறது, நிற்கத் தெரிந்தவனைச் சேர்த்துக்கொள்வார்கள் என்று பாலகுரு வாசலில் சொன்னான். அலாவுதீன் அஜீசுன்னிசாவின் முகத்தைப் பார்த்தான். அவள் ராஜத்தின் கையைப் பிடித்துக்கொண்டு வேறெதையோ பேசிக்கொண்டிருந்தாள்.

பெருநாள் முடிந்து சில நாள் கழித்து, ஒரு விடிகாலையில் அலாவுதீன் கொல்லைக்கு வந்தபோது சாக்கு மறுபடி மரத்தில் தொங்கியது. அஜீசுன்னிசா கிணற்றடியில் உட்கார்ந்து பழைய வேட்டியை நீளநீளமாகக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

"கையைக் கொடுங்க."

கட்டைவிரலில் தொடங்கி, முட்டிகளுக்குக் குறுக்கே, மணிக்கட்டுவரை சுற்றினாள். இறுக்கமாக, ஆனால் ரத்தம் ஓட இடம் விட்டு. பிறகு பழுப்பு உறையைப் பிடித்துக்கொண்டாள். அவன் கையை உள்ளே விட்டான். இடம் இருந்தது. அவள் கயிற்றைக் கண் கண்ணாக இழுத்து முடிச்சுப் போட்டாள்.

இந்த உறைகளில் அவன் பறக்கவில்லை. சாக்கில் பத்துக் குத்து விழுவதற்குள் தோள்கள் கல்லாகின. கைகள் தாமாகக் கீழே இறங்கின. மூச்சு வாங்கியது. ஆனால் முட்டிகள் வலிக்கவில்லை. கட்டைவிரல் தன் இடத்தில் பத்திரமாக மடங்கிக் கிடந்தது. கால்கள், ஒன்று முன்னே, ஒன்று பின்னே, தரையைப் பிடித்துக்கொண்டு நின்றன.

"அவுத்துடவா மச்சான்?" என்றாள்.

"வேணாம்."

"கடை தொறக்க நேரமாவுது."

"இன்னும் கொஞ்சம்."

"அப்பக் கையைத் தூக்கிப் புடிங்க" என்றாள் அஜீசுன்னிசா. "நாகப்பட்டினத்துக்காரங்க தொங்கவிட்டா சேக்க மாட்டாங்களாம்."