நாலாவது சைக்கிள்

பிக்கப் வண்டியில் மலைச் சைக்கிள்களை ஏற்றுவது பார்க்கச் சுலபமாக இருக்கும். ஆனால் படுக்க வைத்தால் கியர் நசுங்கும். ஒன்றன்மேல் ஒன்று சாய்த்தால் பெயின்ட் போகும். அதனால் பின்கதவின்மேல், குதிரைக்குச் சேணம் போடுவதுபோல, ஒரு தடித்த மெத்தையைப் போர்த்திவிடுவார்கள். சைக்கிளின் பின்சக்கரம் வண்டிக்குள் நிற்கும். முன்சக்கரம் கதவைத் தாண்டி வெளியே தொங்கும். நடுவில் இருக்கும் குழாய் மெத்தைமேல் உட்காரும். அதைச் சுற்றி ஒரு பட்டையை இறுக்கினால் வேலை முடிந்தது.

முடிந்ததுபோல் இருக்கும். வண்டி திருப்பம் திருப்பமாக மலையேறும்போதுதான் இன்னொன்று தெரியும். பட்டை சைக்கிளை விழாமல்தான் பிடிக்கும், ஆடாமல் பிடிக்காது. ஆடாமல் பிடிப்பது பக்கத்துச் சைக்கிள். நாலு பேர் உட்காரும் பெஞ்சில் மூன்று பேர் உட்கார்ந்தால் பஸ் வளையும்போது ஒருவர்மேல் ஒருவர் சரிவார்களே, அதுபோலத்தான். நாலு இடத்தில் ஒன்று காலியானால், மற்ற மூன்றும் ஹேண்டில்பாரும் ஹேண்டில்பாரும் மோதி, டொக் டொக்கென்று வழி முழுக்க அடித்துக்கொண்டே வரும்.

ஏசி மெக்கானிக்கின் சைக்கிள் ஒரு வருஷத்துக்கு மேலாக ஞாயிற்றுக்கிழமைதோறும் மலைக்குப் போய் வந்தது இதனால்தான். அதை யாரும் ஓட்டவில்லை. ஏறும், இறங்கும், அவ்வளவுதான்.

அவர்கள் நாலு பேர். பிக்கப், ஏசி மெக்கானிக்கின் மச்சானுடையது. மற்ற நாட்களில் அதில் சோபாவும் பீரோவும் போகும். மச்சான் நாற்காலிக் கடை வைத்திருந்தான். அடுத்தவர் பல் டாக்டர். நாலாவது ஆள் பாங்கில் கேஷியர். பலமாக ஊதினால் பறந்துவிடுவார் போலிருப்பதால் அவருக்குப் பீமன் என்று பெயர்.

மலை உச்சியில் சைக்கிள்களை இறக்கி, காட்டுப் பாதையில் ஓட்டிக் கீழே வருவார்கள். ஆனால் பிக்கப் உச்சியிலேயே நின்றுவிட்டால் வீட்டுக்கு எப்படிப் போவது? யாராவது ஒருவர் சைக்கிளைத் தியாகம் செய்து, தார்ரோட்டைச் சுற்றிக்கொண்டு வண்டியைக் கீழே இறக்க வேண்டும். இந்த விளையாட்டில் தப்பிக்கவே முடியாத கணக்கு அது. அவர்கள் வண்டிச் சாவியை ஒரு பழைய ஷூ லேஸில் கோத்திருந்தார்கள். இந்த வாரம் யார் கழுத்தில் சாவியோ, அவர் இறங்கமாட்டார். அடுத்த வாரம் அது வேறு கழுத்துக்குப் போகும்.

போன வருஷம் ஏசி மெக்கானிக் ஒரு வளைவில் விழுந்து இடது கையை முறித்துக்கொண்ட பிறகு, சாவி அவர் கழுத்திலேயே தங்கிவிட்டது. முதலில் அது அவருக்கு ஆறுதலாக இருந்தது. கட்டுப் போட்ட கையோடு வீட்டில் கிடப்பதைவிட, கட்டுப் பிரித்ததும் வண்டியாவது ஓட்டலாமே. அவர் சைக்கிள் இல்லாமல் போன முதல் வாரம், இடைவெளியில் சாக்கைச் சுருட்டி வைத்துப் பார்த்தார்கள். மலை ஏறுவதற்குள் அது நழுவி எங்கோ விழுந்துவிட்டது. அப்போது மச்சான்தான் சொன்னான், “உங்க வண்டி இல்லாம எப்படி மாமா? அதுவும் வரட்டும்.” ஏசி மெக்கானிக்குக் கண் கலங்கிவிட்டது. தன் இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டார்.

டிவி பார்க்கும்போதும் போனில் பேசும்போதும் அவர் இடது கையில் ஒரு ரப்பர் பந்து இருக்கும். பிசைந்துகொண்டே இருப்பார். சைக்கிளில் பிரேக் பிடிக்கப் பெரிய பலம் வேண்டாம், ஒரு விரல் போதும். ஆனால் அந்த ஒரு விரல் மலை முடியும்வரை சோராமல் இருக்க வேண்டும். கடைசியில் ஒரு நாள் எலும்பு டாக்டர் கையை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, “இனிமே நீங்க பழையபடி எல்லாம் செய்யலாம்” என்றார். “சைக்கிளும் ஓட்டலாமா?” என்று ஏசி மெக்கானிக் திரும்பத் திரும்பக் கேட்டதில் டாக்டருக்குச் சலிப்பே வந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு காலையில் முழங்கால் உறைகளைப் பைக்குள் திணிப்பதை மனைவி பார்த்துவிட்டாள்.

“வண்டி ஓட்டுறதுக்கு எதுக்கு இது? ஸ்டீயரிங் முட்டியில இடிக்குதா?”

“இன்னைக்கு இறங்கப்போறேன்.”

“என் தம்பிக்குத் தெரியுமா?”

“மேல போய் சொல்லிக்கிறேன். இங்கயே சொன்னா நாலு மாசத்துக்கு யோசிப்பானுங்க.”

“விழுந்து வந்தா இந்தத் தடவை தலை சீவிவிட எல்லாம் என்னால முடியாது, சொல்லிட்டேன்” என்றாள். ஆனாலும் பையின் ஜிப்பை அவள்தான் இழுத்து மூடினாள்.

சைக்கிள்கள் எல்லாம் மச்சான் கடையின் பின்பக்கக் கொட்டகையில்தான் இருக்கும். அவர் போவதற்குள் மூன்றை ஏற்றியிருந்தார்கள். அவருடையதை மச்சானும் பீமனும் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

“குடு, நான் மாட்டுறேன்.”

“நீங்க முன்னாடி போய் உக்காருங்க மாமா. கையை வெச்சுக்கிட்டு எதுக்கு? அக்கா என் தோலை உரிச்சிரும்.”

எல்லா வாரமும் இப்படித்தான். விழுந்ததிலிருந்து அவர் தன் சைக்கிளைத் தொட்டதில்லை. தொடவிட்டதில்லை. அது நாலில் இரண்டாவதாக, மற்றவற்றின் நடுவே இறுக்கமாக உட்கார்ந்தது.

மலையில் பாதிக்கு மேல் மேகம் இறங்கியிருந்தது. வைப்பர் ஒவ்வொரு முறை துடைத்ததும் கண்ணாடியில் அதே சாம்பல் நிறம் திரும்ப வந்து ஒட்டிக்கொண்டது. உச்சியில் டீக்கடையும் திறக்கவில்லை. எல்லோரும் இறங்கிச் சோம்பல் முறித்தார்கள். ஏசி மெக்கானிக் கழுத்திலிருந்த லேஸைக் கழற்றிச் சாவியைப் பானெட்மேல் வைத்தார்.

“இன்னைக்கு யாராவது வண்டியை இறக்குங்கப்பா. நான் சைக்கிள்ல வர்றேன்.”

பல் டாக்டர் கையுறையைப் பாதி மாட்டியபடி நின்றார். பீமன் மச்சானைப் பார்த்தார். மச்சான் டயரைப் பார்த்தான்.

“கை?” என்றார் பல் டாக்டர்.

“ஓகே சொல்லிட்டாங்க. எலும்பு டாக்டரே சொல்லியாச்சு. பல் டாக்டர் ஆட்சேபம் செல்லாது.”

யாரும் சிரிக்கவில்லை.

“மழைங்க” என்றார் பீமன். “பாதை வழுக்கும். அடுத்த வாரம்...”

“மழையில நீ இறங்கலையா? நீ போற, நான் போகக் கூடாதா?”

“அதுக்கில்ல மாமா. ரொம்ப நாளா நின்ன வண்டி. ஒரு தடவை சர்வீஸ் பண்ணிட்டு...”

“வாரா வாரம் மலைக்கு வர்ற வண்டி எங்கடா நிக்குது?”

அவரே பின்பக்கம் போய்ப் பட்டையைத் தளர்த்தினார். மூன்று பேரும் ஒரே நேரத்தில் ஓர் அடி முன்னால் வந்து, ஒரே நேரத்தில் நின்றார்கள். சைக்கிளைத் தூக்கித் தரையில் வைத்தார். இடது தோள் லேசாக இழுத்தது, பரவாயில்லை. ஹேண்டில்பாரைப் பிடித்து, முதலில் இடது கையால்தான் பிரேக்கை அழுத்தினார். விரல் மடங்கியது. பின்சக்கரம் இறுகி நின்றது. அவர் முகம் மலர்ந்தது.

பிறகு வலது கை. அது முன்பிரேக். அழுத்தியதும் லீவர் தடையே இல்லாமல் பிடியைப் போய்த் தொட்டது.

இந்தப் பிரேக்கில் சக்கரத்தின் நடுவே ஒரு மெல்லிய இரும்புத் தட்டு சுழலும். அதன் இரண்டு பக்கமும் கட்டைவிரல் நகம் அளவுக்குப் பிஸ்கட் மாதிரி இரண்டு பேடுகள் இருக்கும். லீவரை அழுத்தினால் குழாயில் உள்ள எண்ணெய் பிஸ்டன்களைத் தள்ள, பேடுகள் தட்டைக் கவ்வும். கவ்விய இடத்தில் வேகம் சூடாகிப் போய்விடும். பேடுகள் இல்லாவிட்டால் பிஸ்டன்கள் காற்றைக் கவ்வும்.

அவர் குனிந்து பார்த்தார். பேடுகள் இல்லை.

“இது எங்க?”

பல் டாக்டர் இருமினார். “நான்தான். அன்னைக்கு என்னோடது எண்ணெய் பட்டு நாசமாயிடுச்சு. ஒரு நாளைக்குத்தான்னு எடுத்தேன். அப்புறம் புதுசு வாங்கிப் போடணும்னு... மறந்துபோச்சு.”

ஏசி மெக்கானிக் நிமிரவில்லை. முன்டயரைத் தடவினார். அவருடைய டயரில் முள்ளுமுள்ளாகப் பிடி இருக்கும். இது வழுக்கைத் தலைபோல் இருந்தது. பக்கவாட்டில் ஒரு கிழிசலை நைலான் நூலால் தைத்திருந்தார்கள். அந்தத் தையல் பீமனுடையது.

“நல்ல டயர் சும்மா தொங்கிக்கிட்டு வருதேன்னு...” என்றார் பீமன். “மாத்தித்தாங்க போட்டேன். சும்மா எடுத்துக்கல.”

மிச்சம் இருந்தது மச்சான். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில், கியரைத் தாங்கிக்கொண்டு விரல் நீளத்துக்கு ஓர் அலுமினியத் துண்டு இருக்கும். அதை வேண்டுமென்றே பலவீனமாகச் செய்வார்கள். வண்டி விழுந்தால் அது முறியும். அது முறிவதால் சட்டம் தப்பும். மாடலுக்கு மாடல் அதன் வடிவம் வேறு, ஒன்றுக்கு இன்னொன்று பொருந்தாது. மாமாவும் மச்சானும் ஒரே கடையில் ஒரே நாளில் ஒரே மாடல் வாங்கியவர்கள். இப்போது அந்த இடத்தில் துண்டு இல்லை. கியரை ஒரு பிளாஸ்டிக் பட்டையால் சட்டத்தோடு கட்டியிருந்தார்கள்.

“நீயுமா மாப்ள?”

“எனக்கு முறிஞ்சுபோச்சு மாமா. கடையில வர லேட்டாகும்னாங்க. ஒண்ணே ஒண்ணுதான் எடுத்தேன்.”

“நானும் ஒண்ணுதான்” என்றார் பீமன்.

அது உண்மை. ஆளுக்கு ஒன்று. மற்றவர் எடுத்தது அவரவருக்குத் தெரியும். ஆனாலும் தான் எடுத்தது ஒன்றுதான் என்பதால் ஒவ்வொருவருக்கும் அது சின்ன விஷயமாக இருந்தது.

“ஒரு வார்த்தை கேட்டிருந்தா குடுத்திருப்பேனே. போன் இல்லையா உங்ககிட்ட?”

பல் டாக்டர்தான் சொன்னார். பல்லைப் பிடுங்கும்முன் பேசும் அதே மெல்லிய குரல். “கேட்டிருக்கலாம். ஆனா நீ திரும்ப ஓட்டுவேன்னு நாங்க யாரும் நினைக்கலப்பா.”

ஏசி மெக்கானிக் தலையை ஆட்டினார். ஒரு மெஷினில் கோளாறு எங்கே என்று தெரிந்தால் ஆட்டுவாரே, அப்படி.

“என் வண்டியை எடுத்துக்குங்க மாமா. நான் பிக்கப்பை இறக்குறேன்” என்றான் மச்சான்.

அவர் ஏறி உட்கார்ந்துகூடப் பார்த்தார். மச்சானுக்கு நீளமான விரல்கள். பிரேக் லீவர் தள்ளி நின்றது. இடது கை விரல் அதைத் தொட்டது, மடக்க முடியவில்லை. ஒரு திருகைத் திருப்பினால் லீவர் கிட்டே வந்துவிடும். அது அவருக்குத் தெரியாததல்ல. இறங்கிவிட்டார்.

“எனக்கு என் வண்டிதான் வேணும்.”

பையிலிருந்து திருகு கழற்றும் அலன் கீ கொத்தை எடுத்து, பல் டாக்டரின் சைக்கிள் பக்கம் போய் உட்கார்ந்தார். பேடுகளைப் பிடித்திருக்கும் சின்ன ஊசியைக் கழற்றினார்.

“ஏய், என்ன பண்ற? நான் எதுல இறங்குறது?”

“பிக்கப்புல. ரோடு நல்லாத்தான் இருக்கும். நான் வாரா வாரம் பாக்குறேன்.”

“சின்னப் பிள்ளை மாதிரி பண்ற.”

“ஆமா” என்றார்.

வெளியே வந்துவிட்ட பிஸ்டன்களை டயர் கழற்றும் பிளாஸ்டிக் கரண்டியால் நிதானமாக உள்ளே தள்ளி, பேடுகளைச் செருகினார். டயர்களை மாற்றினார். வழுக்கை டயரைப் பீமனிடம் நீட்டியபோது அவர் முகம் சுண்டியது.

“இந்த மழையில இதுல போனா நேரா ஆஸ்பத்திரிதாங்க.”

“அப்ப நான் போயிருக்கலாமா?”

பீமன் வாங்கிக்கொண்டார். அலுமினியத் துண்டை மட்டும் மச்சானே தன் வண்டியிலிருந்து கழற்றிக் கொண்டுவந்து கையில் வைத்தான். ஏசி மெக்கானிக் அதைப் பொருத்தி, கியரை ஏற்றி, பெடலைச் சுற்றிப் பார்த்தார். செயின் முனகாமல் ஓடியது. நல்ல வேலை. யாராவது பாராட்டியிருப்பார்கள், வேறு நாளாக இருந்தால்.

பிறகு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பாதைக்குள் இறங்கினார்.

கை தாங்கியது. வேர்களிலும் கற்களிலும் சைக்கிள் குதித்தபோதெல்லாம் அந்த ஒரு விரல் சொன்னபடி கேட்டது. தான் விழுந்த வளைவுக்காகக் காத்துக்கொண்டே போனார். மண் சரிந்து இடம் மாறிப்போயிருக்க வேண்டும், அதைக் கடந்து வெகுதூரம் வந்த பிறகுதான் கடந்துவிட்டது புரிந்தது. பாதை பிரியும் இடங்களில் முன்னால் போகிறவர் நின்று, கடைசி ஆளின் தலை தெரியும்வரை காத்திருப்பது அவர்கள் வழக்கம். கால் தானாக ஊன்றியது. திரும்பிப் பார்த்தார். மரங்களிலிருந்து தண்ணீர் சொட்டியது. யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்தும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போனார். அடுத்த பிரிவிலும் நின்றார்.

கீழே பிக்கப் நின்றிருந்தது. உள்ளே மூன்று பேர், கண்ணாடி முழுக்க மூச்சுப் புகை. பின்னால் மூன்று சைக்கிள்கள். இரண்டாவது இடத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். சேறு வழிய அவரே சைக்கிளைத் தூக்கி மாட்டிப் பட்டையை இறுக்கினார். தூக்காதே என்று யாரும் சொல்லவில்லை. சாவி மச்சான் கழுத்தில் இருந்தது. விரல்களால் அந்த லேஸைத் தேடித் தன் கழுத்தைத் தடவிக்கொண்டு பின்சீட்டில் ஏறினார்.

“எப்படி இருந்துச்சு பாதை?” என்று பீமன் கேட்டார்.

“நல்லா இருந்துச்சு.”

அதற்குமேல் யாரும் பேசவில்லை. நாலு சைக்கிள்களும் நெருக்கமாக நின்றதால் பின்னாலும் சத்தமில்லை.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தச் சொல்லி, சைக்கிளை இறக்கினார்.

“கொட்டகையிலயே இருக்கட்டுமே மாமா” என்றான் மச்சான்.

“இல்ல. இது இனிமே இங்க இருக்கட்டும்.”

“அடுத்த ஞாயிறு?”

“பாக்கலாம்.”

மச்சான் கியரைப் போட்டான். மனைவி கதவைத் திறந்து, அவருடைய இரண்டு கைகளையும் பார்த்துவிட்டு, மூச்சை விட்டாள். “சாப்பிட வாங்க” என்றாள்.

அவர் போகவில்லை. தெருவில் ஒரு வேகத்தடை இருந்தது. பிக்கப் அதில் ஏறி இறங்கியதும், நடுவில் விட்ட இடத்தின் இரண்டு பக்கமும் இருந்த சைக்கிள்கள் சரிந்து மோதிக்கொண்டன. டொக். பிறகு டொக் டொக். முனை திரும்பிப் போகும்வரை அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.