ஆற்று நடுவே ஒரு சம்பந்தம்

ஈரானோடு நடந்த எட்டு வருஷப் போரில் நாங்கள் ஜெயித்துவிட்டதாக வானொலி சொன்ன அன்று, பஸ்ராவில் ஜனங்கள் தெருவில் இறங்கி ஒருவர்மேல் ஒருவர் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்கள். என் கொழுந்தன் ஹத்தாப் மூன்று நாள் ஈரச் சட்டையோடு ஆடினான். நான் ஆடவில்லை. என் மகன் லாசிம் ஃபாவ் முனையில் இறந்து இரண்டரை வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் யாரோ ஒருத்தி என் கறுப்பு அங்கிமேல் ஒரு குடத்தைக் கவிழ்த்தபோது கோபம் வரவில்லை. ஆகஸ்ட் வெயிலுக்கு அது நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த மார்ச்சில் எங்கள் ஊர் சீபாவுக்குத் திரும்பினோம். ஆற்றங்கரையில் எங்களுக்கு இருநூறு பேரீச்சை மரங்கள் இருந்தன. இப்போது தலையில்லாத கம்பங்கள் நின்றன. ஒன்றே ஒன்றுக்கு மட்டும் தலை இருந்தது. லாசிம் பிறந்த வருஷம் அவன் அப்பா நட்ட பர்ஹி ஜாதிப் பெண் மரம் அது. அடியில் இரண்டு பக்கக்கன்றுகளும் விட்டிருந்தது. அதன் முதல் பழத்தை மகன் பேரில் வீடு வீடாகக் கொடுத்து ஃபாத்திஹா ஓதச் சொல்ல வேண்டும். எனக்கு வேறு ஆசை எதுவும் மிச்சமில்லை.

ஒரு காலை ஹத்தாப் மரத்திலிருந்து கத்தினான்.

"மதினி! பாளை வெடிச்சிருச்சு! ஏழு!"

"ஆண் பூ எங்க?"

அவன் இறங்கி வந்தான். நாலைந்து நாளுக்குள் ஆண் மரத்துப் பூவைச் செருகாவிட்டால் கொட்டையில்லாத சொத்தைக் காய்தான்.

"ஊர்ல ஒரு ஆண் மரம்கூட இல்ல மதினி."

"ஜெயிச்சவன்தானே நீ? ஒரு மாப்பிள்ளைய மிச்சம் வைக்கத் தெரியலையா?"

"பஸ்ரா சந்தைக்கும் நேத்தே போயிட்டு வந்தேன், பூ கிடைக்கல. தலையில்லாத மரம் வச்சிருக்கவன்கூட வரிசையில நிக்கிறான்."

சொல்லிவிட்டு எதிர்க்கரையைப் பார்த்தான். நானும் பார்த்தேன். அது ஈரான். அங்கே இருபது ஆண் மரங்கள் வெள்ளைப் பூவோடு நின்றன.

"அந்தப் பக்கம் பாக்காதீங்க மதினி."

"நீதான் முதல்ல பாத்தே. படகை எடு."

இரண்டு கரையிலும் காவல்காரர்கள் சாப்பிட்டுத் தூங்கும் மதிய நேரத்தில் கிளம்பினோம். ஆற்று நடுவே பாதி முங்கிக் கிடந்த கப்பலின் நிழலில் ஒருவன் வலை போட்டுக்கொண்டிருந்தான். பெயர் உபைத், அந்தக் கரைக்காரன். பேச்சு எங்கள் அரபிதான், பாஸ்போர்ட்தான் வேறு.

"யாரது? தோத்தவங்களா?" என்றான்.

ஹத்தாபுக்குப் பொறுக்கவில்லை. "நாங்கதான்யா ஜெயிச்சோம். மூணு நாள் தண்ணி ஊத்தி ஆடினோம்."

"எங்களுக்கு மிட்டாய் குடுத்தாங்க."

"எவ்வளவு?"

"ஆளுக்கு ரெண்டு."

"அப்ப நாங்கதான் ஜெயிச்சோம். தண்ணிக்கு அளவே இல்ல."

"ஜெயிச்சவன் எதுக்குய்யா என் வலையில வந்து மோதுறே?"

நான் குறுக்கிட்டேன். "தம்பி, எங்க மரம் பாளை விட்டிருக்கு. ஆண் பூ வேணும். பதிலுக்கு ரெண்டு குலை தர்றேன்."

அவன் யோசித்தான். "குலை தின்னா தீந்துரும்க்கா. எங்க பக்கம் இருபது மாப்பிள்ளைங்க வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு நிக்கிறானுங்க. பொண்ணுதான் ஒண்ணுகூட இல்ல, எல்லாம் குண்டுல போச்சு. கன்னு இருந்தா ஒண்ணு குடுங்க."

"கன்னு கேக்காதே. அது என் மகன் மரம்."

"மகன் எங்கக்கா?"

"ஃபாவ்."

அவன் வலையை விட்டான். "என் தம்பியும் அங்கதான்."

அந்தக் கரைக் குண்டு என் மகனை எடுத்தது. இந்தக் கரைக் குண்டு அவன் தம்பியை. அந்தக் கரைக்கா லாசிமின் மரத்தைப் பெயர்த்துக் கொடுப்பது? வாய்வரை வந்தது. திட்டத்தான் வந்தது.

"தண்ணி ஒழுங்கா ஊத்துவியா?" என்றுதான் கேட்டேன்.

"ஆறே வீட்டு வாசல்ல ஓடுதுக்கா."

"வெயில் தணியுற வரைக்கும் சாக்கு சுத்தி வைக்கணும்."

"எனக்கேவா பேரீச்சை வளர்க்கச் சொல்லித் தர்றீங்க?"

"ஆகஸ்ட்ல வா. குலையும் கன்னும் சேத்துத் தர்றேன்."

மறுநாள் மதியம் அவன் ஆண் பூவைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு வந்து கொடுத்தான். எனக்குப் பாரசீகம் தெரியாது. எழுத்து எங்களுடையதுதான். கொட்டை எழுத்துத் தலைப்பில் வெற்றி என்பதற்கு எங்கள் சொல்லையே போட்டிருந்தார்கள். ஹத்தாபுக்கு வாசித்துக் காட்டினேன்.

"பொய்க்காரப் பசங்க," என்றபடி இடுப்புக் கயிற்றை மாட்டிக்கொண்டு மரமேறினான். ஏழு பாளையிலும் செருகிக் கட்டினான். அந்தத் தாளை அடுப்பில் போட்டேன். கையில் வைத்திருந்தால் ஜெயில்.

ஆகஸ்டில் ஏழு குலையும் மஞ்சளாகத் தொங்கின. கடித்தால் நறுக்கென்று உடைந்து தேனாக இறங்கும் பழம். ஐந்து குலையை ஊரில் கொடுத்தேன். வீட்டுக்கு வீடு லாசிம் பெயர் கேட்டது. அன்று நான் அழவில்லை. எல்லோர் வாயிலும் பழம் இருந்தது.

மிச்சம் இரண்டையும் ஹத்தாப் அன்றைய பக்தாத் செய்தித்தாளில் கட்டினான். வெற்றியின் முதலாம் ஆண்டு என்று பக்கம் முழுக்கப் போட்டிருந்தார்கள்.

"வேணும்னே இந்தத் தாளை எடுத்தியா?"

"அவனும் படிக்கட்டும் மதினி."

கன்றின் வேரில் ஈரச் சாக்கைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு படகில் உட்கார்ந்தேன். முள் துணியைத் தாண்டித் தொடையில் குத்தியது. அதே கப்பல் நிழலில் கொடுக்கும்போது என் கை ஒருமுறை பின்னால் வந்தது. உபைத் அதைப் பார்த்துவிட்டுக் காத்திருந்தான். பிறகு கொடுத்தேன்.

ஹத்தாப் படகைத் திருப்பித் துடுப்புப் போட்டான். பிறகு, "பொண்ணு குடுத்தாச்சு. இனிமே அவன் நமக்குச் சம்பந்தி. சம்பந்திகிட்ட எவன் மதினி ஜெயிச்சிருக்கான்?" என்றான்.

அதற்குள் முதுகுக்குப் பின்னால் உபைத்தின் குரல் தண்ணீரில் மிதந்து வந்தது.

"அக்கா! என்ன பொண்ணு வளத்திருக்கீங்க! வந்ததும் வராததுமா என் கையைக் கிழிச்சிருச்சு!"

"எங்க வீட்டுப் பொண்ணு அப்படித்தான்!" என்று திரும்பிக் கத்தினேன். "ஒழுங்கா வச்சுக்க!"