பூசும்போது பார்த்துக்கலாம்

உலகத்தில் உள்ள எல்லாத் தப்புக்கும் மேஸ்திரியிடம் ஒரே மருந்துதான் இருந்தது. சுவர் வயிறு தள்ளி நின்றாலும் சரி, நிலைக்கால் ஒரு பக்கம் சாய்ந்தாலும் சரி, வீட்டுக்காரர் ஓடிவந்து பதறினால் "பூசும்போது பாத்துக்கலாம்" என்பார். பார்த்தும் கொள்வார். ரெண்டு சட்டி கலவையைக் கூடுதலாக அப்பி, மட்டப்பலகையால் இழுத்துவிட்டால் சுவர் சமர்த்தாகிவிடும். உள்ளே இருக்கும் கோணல் அவருக்கும் செங்கல்லுக்கும் மட்டும் தெரிந்த சங்கதி.

மனைவி போய்ச் சேர்ந்தபோதும் அதே வைத்தியம்தான். துக்கத்தின் மேல் தங்கையையும் மாப்பிள்ளையையும் கொண்டுவந்து பூசிவிட்டார். கொஞ்ச நாளைக்கு மாடியில் இருங்கள் என்றுதான் பேச்சு. கொஞ்ச நாள் என்பதற்கு என்ன அளவு என்று அவர் யாருக்கும் சொல்லவில்லை, அவர்களும் மரியாதைக்குக் கேட்கவில்லை. வருஷங்கள் பாட்டுக்கு ஓடின. வீட்டின் எந்த மூலையில் இருந்தும் அவர் ஒரு குரல் கொடுத்தால் போதும், தண்ணீர் வரும், டீ வரும், தலைமேலேயே இருக்கும் மூக்குக்கண்ணாடியைத் தேடித் தர ஆள் வரும். தங்கை மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தாலும் கேட்கும். அவர் கட்டிய சுவர் அப்படி.

மாப்பிள்ளை சத்தம் போடாத மனிதர். மீன் கிடங்குகளில் குளிர் அறை அமைக்கிற வேலை. அவர் பக்கத்துக் காலி மனையை வாங்கினபோதுகூட மேஸ்திரி அசரவில்லை. எப்படியும் கட்டப்போவது தான்தானே, கட்டி முடிக்க எத்தனை காலம் வேண்டுமானாலும் ஆக்கலாம் என்று இருந்தார். ஆனால் மாப்பிள்ளை செங்கல்லே வேண்டாம் என்றார். ரெண்டு பலகைக்கு நடுவில் கெட்டி நுரையை அடைத்து, ஜன்னலுக்கு இடம் விட்டு, தொழிற்சாலையிலேயே அளவெடுத்து அறுத்து, எண் போட்டு அனுப்புவார்களாம். ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி முடுக்கிவிட்டால் அதுதான் சுவராம். வெயில் உள்ளே வராது, சத்தம் வராது, பூச்சு வேலையே கிடையாது.

பூச்சே கிடையாது என்றதும் மேஸ்திரிக்கு வீட்டின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. மீனை வைக்கிற பெட்டியில் என் தங்கையை வைக்கப் பார்க்கிறான் என்று டீக்கடை வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

ஆனாலும் மாப்பிள்ளை முறை தெரிந்தவர். "தளத்தை மட்டும் நீங்க போட்டுக் குடுங்க மச்சான். மூலைமட்டம் சரியா இருக்கணும், எந்த மூலையும் விரியக்கூடாது, அவ்வளவுதான்" என்று வந்து நின்றார். மூலைமட்டத்தைப் பற்றித் தனக்கே பாடமா என்று மேஸ்திரிக்குச் சுருக்கென்றது. மூலைக்கு மூலை நூல் பிடித்துப் பார்ப்பதெல்லாம் கற்றுக்குட்டிகள் வேலை. அவர் தன் காம்பவுண்டுச் சுவரை ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், ஒரு ஆள் உட்கார இடம் விட்டு அதன் போக்கிலேயே நூலைக் கட்டினார், தளத்தைப் போட்டார். கண்ணாடி மாதிரி வழவழவென்று வந்தது. தானே இரண்டு முறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

லாரியில் அந்த நுரைப் பலகைகள், பேனல்கள் என்றார்கள், வந்திறங்கிய அன்று மேஸ்திரி மொட்டை மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். காற்றடித்தால் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொள்ளச் சொன்னார். மழை வந்தால் மடித்து உள்ளே வைத்துக்கொள்ளச் சொன்னார். கீழே யாரும் கோபித்துக்கொள்ளவில்லை, அதற்கு நேரமும் இல்லை. மாப்பிள்ளை எண்ணைப் படிக்க, தங்கை திருப்புளியைக் கையில் எடுத்துக் கொடுக்க, கிடங்கு ஆட்கள் செருகிக்கொண்டே போனார்கள். அவருடைய ஆட்கள் சாரம் கட்டி முடிக்கிற நேரத்தில் இவர்களுக்கு முன்சுவரும் ரெண்டு பக்கச் சுவரும் எழுந்துவிட்டன. மேஸ்திரிக்கு நகைச்சுவை குறைந்தது. நாற்காலியை விளிம்புக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பின்சுவரின் கடைசிப் பேனல்தான் காப்பாற்றியது. அது எட்டவில்லை. மூன்று விரல் போகிற அளவுக்கு மூலையில் இடைவெளி. மாப்பிள்ளை எல்லா எண்களையும் மறுபடி சரிபார்த்தார், சுவரைக் கழற்றித் திரும்ப மாட்டினார், வியர்க்க விறுவிறுக்க நின்றார். இடைவெளி அப்படியே இருந்தது. கடைசியில், அளவு எழுதிக் கொடுத்ததில் தான்தான் எங்கேயோ பிசகிவிட்டதாகச் சொல்லித் தலையைத் தொங்கப்போட்டார். திரும்பச் செய்ய வழியில்லை, பேனல்களைக் கிடங்குக்கே கொடுத்துவிடலாம் என்றார்.

மேஸ்திரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தொழிற்சாலையின் லட்சணத்தை அளந்தே காட்டுகிறேன் என்று எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் டேப்போடு இறங்கினார். பேனலை அளந்தார். நூல் பிசகவில்லை. சரி என்று தளத்தை அளந்தார். முன்பக்கம் சொன்ன அளவு. பின்பக்கம் மூன்று விரல் அகலம் கூடுதல். மறுபடி அளந்தார். பிறகு மெதுவாகத் தலையைத் தூக்கித் தன் காம்பவுண்டுச் சுவரைப் பார்த்தார். அது பாட்டுக்கு ஒய்யாரமாக ஒரு பக்கம் விலகிக்கொண்டே போனது. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

சுற்றுமுற்றும் பார்த்தார். ஒருவரும் இல்லை. டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டார். வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். பழி தானாகவே மாப்பிள்ளை தலையில் உட்கார்ந்துகொண்டது. தங்கை இங்கேயே இருப்பாள். இதைவிட அழகாக யாரும் பூச முடியாது.

சாயங்காலம் வழக்கம்போல டீக்குக் குரல் கொடுத்தார். உடனே வந்தது. தங்கை டம்ளரை வைத்துவிட்டுச் சமையலறைக்குத் திரும்பினாள். அங்கே அட்டைப்பெட்டி திறந்து கிடந்தது. புது வீட்டுக்கென்று கட்டி வைத்த பாத்திரங்களை எடுத்துப் பழைய அலமாரியிலேயே அடுக்கிக்கொண்டிருந்தாள். கோபம் வந்தால் அவள் பாத்திரம் தெருமுனை வரைக்கும் பேசும், அது ஊரறிந்தது. இன்று ஒரு தட்டுகூடச் சத்தம் போடவில்லை. மேஸ்திரி டம்ளரைத் தள்ளி வைத்தார். இவளை இப்படி வைத்துக்கொண்டு நான் யாரைக் கூப்பிட்டு என்ன கேட்பது என்று வெட்கமாக இருந்தது.

மனையில் மாப்பிள்ளை பேனல்களைக் கழற்ற ஆரம்பித்திருந்தார். மேஸ்திரி போய் நின்றார். இந்த ஒரு தடவை கலவை எதுவும் கைவசம் இல்லை.

"மாப்ள, பலகை சரியாத்தான் இருக்கு. தளம்தான் கோணல்."

மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார்.

"காம்பவுண்டு சுவரைப் பாத்து நூல் கட்டினேன். அது கோணல்."

"அதைக் கட்டினது யாரு மச்சான்?"

"அதுவும் நான்தான்."

மாப்பிள்ளை சிரித்திருந்தால் தேவலை. அவர் போய் நூலை எடுத்துவந்து ஒரு முனையை மச்சான் கையில் கொடுத்தார். மூலைக்கு மூலை பிடித்துப் பார்த்துப் பக்கச் சுவரை உள்ளே தள்ளி நேராக நிறுத்தினார்கள். பின்சுவரின் கடைசிப் பேனல் அலுங்காமல் போய் உட்கார்ந்தது. சுவருக்கு வெளியே துருத்திய தளத்தில் மழைத்தண்ணீர் நிற்கும், அதைக் கொத்தி எடுக்க வேண்டும் என்றார் மாப்பிள்ளை. உளியோடு வந்த மேஸ்திரியின் ஆள் ஒருவன் பழக்கதோஷத்தில், அப்புறம் பூசும்போது பார்த்துக்கொள்ளலாமே என்றான். அவனை மேஸ்திரி பார்த்த பார்வையில் அவன் உளியைக் கீழே வைத்துவிட்டு நகர்ந்தான். அந்த உளியை மேஸ்திரியே எடுத்துக்கொண்டார்.

வேலை தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நடந்தது. தன் கோணல் சுவருக்கும் அந்த நேரான சுவருக்கும் நடுவே உட்கார்ந்து அவர் கொத்தி முடிப்பதற்குள் கூரை ஏறி, கதவு ஜன்னல் மாட்டி, அவர்கள் குடியும் போய்விட்டார்கள். கடைசிச் சில்லு பெயர்ந்தபோது தொண்டை வறண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம்தான் சமையலறை. தங்கை அங்கேதான் இருப்பாள். "தண்ணி" என்று குரல் கொடுத்தார். பேச்சில்லை. இன்னொரு முறை, மாடி வரைக்கும் போகிற பழைய குரலில் கூப்பிட்டார். மூன்று தெரு தள்ளியிருப்பவர்களுக்குக்கூடக் கேட்டிருக்கும்.

எழுந்து சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போனார். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தங்கை வீட்டில் மணியடித்தார். கதவு திறந்தது.

"என்ன அண்ணே, மணியெல்லாம் அடிக்கிற?"

"எவ்வளவு நேரமா கூப்பிடறேன். கேக்கலியா?"

"கேக்கவே இல்லியே அண்ணே" என்றாள் தங்கை. அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். அதை மறைக்க அவளுக்குத் தெரியவில்லை.