மொனாகாவின் முதல் பனிக்காலம்

எங்கள் ஹிகோனே ஊரில் ஆமை விஷயத்தில் நான் சொன்னால் சொன்னதுதான். தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். என் ஆமை கெந்தா எத்தனையோ பனிக்காலங்களைக் கொல்லைத் தொட்டியில், தண்ணீருக்கடியில் தூங்கியே கழித்திருக்கிறான். ஒரு முறைகூட என்னை அழவைத்ததில்லை.

தலை நரைத்த பிறகு தெத்சுரோவை மறுமணம் செய்துகொண்டேன். அவர் என் வீட்டுக்குக் கொண்டுவந்தது ஒரு துணிப்பெட்டி, ஒரு ஆமை. ஆமைக்கு மொனாகா என்று பலகாரத்தின் பெயரை வைத்தது, காலமாகிவிட்ட அவருடைய முதல் மனைவி மியே. அதுகூட தெத்சுரோவின் தங்கை சொல்லித்தான் எனக்குத் தெரியும். மியேவைப் பற்றி அவர் வாயே திறக்கமாட்டார்.

கண்ணாடித் தொட்டி, ஹீட்டர், விளக்கு என்று மகாராணி மாதிரி வளர்ந்தவள் மொனாகா. பனியைக் கண்ணால் பார்த்ததில்லை.

"இந்த ஹீட்டரெல்லாம் எதுக்கு? குளிர் வந்தா ஆமை தூங்கணும். கெந்தா பக்கத்துல இவளுக்கும் ஒரு தொட்டி வெச்சிடலாம்," என்றேன்.

"செத்துகித்துப் போயிட்டா?"

"நல்லா தின்னு கொழுத்திருக்கா, ஒண்ணும் ஆகாது. நான் பொறுப்பு."

மியேவின் ஞாபகமாக அவரிடம் மிஞ்சியிருந்த ஒரே உயிர் அது. தெரிந்தேதான் சொன்னேன்.

இலை பழுக்கத் தொடங்கியதும் இரையை நிறுத்தினோம். அவள் வயிறு காலியானதும், சிமெண்ட் குழைக்கிற பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் ஆழமாகத் தண்ணீர் நிரப்பி, கோயில் வாசலில் அள்ளிவந்த சருகைக் கொட்டினேன். மொனாகா அதற்குள் புகுந்து மறைந்தாள். தொட்டிமேல் பலகையை வைத்தேன்.

"இனிமே வசந்தம் வர்ற வரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது," என்றேன். சமர்த்தாகத் தலையாட்டினார்.

புத்தாண்டு கழிந்து பனி கொட்டிய ஒரு காலை. கடைக்குப் போய் விறைத்துத் திரும்பிய நான், கொதாட்சு மேசையின் போர்வையைத் தூக்கி, அடியில் இருக்கும் கணப்புச் சூட்டில் காலை நீட்டினேன். கட்டைவிரலை ஏதோ பிராண்டியது. போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டுக் கதவு திறந்தது. போர்வைக்குள் பார்த்தால், துண்டில் சுற்றிய மொனாகா கண்ணைத் திறந்து விழிக்கிறாள்.

"என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கீங்க!"

"தண்ணி மேல ஐஸ் கட்டியிருந்துச்சு, நோபுயோ. கைய விட்டுப் பாத்தேன். அசையவே இல்ல. விறைச்சுப் போயிட்டாளோன்னு..."

"தூங்குறவ அசைவாளா? தூங்குற உங்களத் தூக்கி அடுப்பு மேல உக்கார வெச்சா எப்படி இருக்கும்? பட்டினி வயித்தோட முழிச்சா, சேத்து வெச்ச தெம்பெல்லாம் கரைஞ்சிடும்!"

அவர் முகம் வெளிறியது. "அப்ப நானே கொன்னுட்டேனா?"

என் கோபம் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. பாவமாக இருந்தது. "இன்னும் சாகல. என்னை எப்படி மொறைக்கிறா பாருங்க."

நல்லவேளை, சூட்டில் வைத்து அதிக நேரமாகவில்லை. செருப்பு கழற்றும் வாசல் நடையில் கணப்பு கிடையாது. அங்கே ஒரு வாளித் தண்ணீரில் விட்டு, மெல்ல மெல்லக் குளிரப் பழக்கி, மறுநாள் தொட்டிக்கே அனுப்பினேன்.

"இன்னொரு தடவை தொட்டா, உங்களையும் சருகுக்குள்ள படுக்க வெச்சிடுவேன்."

அதன் பிறகு அவர் தொடவில்லை. தினமும் காலையில் கையைக் கட்டிக்கொண்டு தொட்டியருகே நிற்பார், திரும்பிவிடுவார்.

செர்ரி மொட்டு விட்டது. கெந்தா மேலே வந்து செங்கல்மேல் வெயில் காய்ந்தான். மொனாகாவின் தொட்டியில் மட்டும் அசைவே இல்லை. அந்த வாரம் முழுக்க இல்லை. அவரைத் திட்டினேனே, கண்ணாடித் தொட்டியில் நன்றாக இருந்தவளை வெளியே தள்ளியது யார்?

அவர் பேப்பர் படிக்கும் நேரம் பார்த்து, பலகையை நகர்த்தி, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு குனிந்தேன்.

"தொடாத." பின்னால் தெத்சுரோ.

"உசிரோட இருக்காளான்னு ஒரே ஒரு தடவை..."

"தூங்குறவ அசைவாளா?" என்றார், அப்படியே என் குரலில்.

உள்ளே போய் இரண்டு கோப்பை தேநீர் கொண்டுவந்தார். "நீ சொன்னா சொன்னதுதான்னு நான் இருக்கேன். நீயே ஆடிப்போனா எப்படி? உக்காரு."

உட்கார்ந்தோம். வெயில் மதிலைத் தாண்டித் தொட்டியில் விழுந்தது. தேநீர் ஆறிப்போயிற்று. சருகு ஒன்று நகர்ந்தது. மூக்கு நுனி தெரிந்தது. பிறகு, தலையில் அழுகிய இலையோடு முழு முகம்.

"பாத்தியா மியே, எழுந்துட்டா!" என்றார் தெத்சுரோ, தண்ணீரைப் பார்த்து. "நோபுயோ பொறுப்புன்னா பொறுப்புதான்."

என் முன்னால் அவர் அந்தப் பெயரைச் சொன்னது அதுதான் முதல் முறை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுந்து நின்று, தொட்டிக்கு நேராக, மியேவுக்கு இடுப்பு வளைத்து வணங்கினேன்.