பூப்போட்ட பாவாடை

காலை ஒன்பது மணிக்கு, பழங்கால வாழ்க்கையை நடித்துக் காட்டும் எங்கள் அருங்காட்சியகக் கிராமத்தின் வாசல் திறந்ததும், மாசசூசெட்ஸ் மறுபடியும் இங்கிலாந்து மன்னரின் குடியேற்ற நாடாகிவிடும். ஆண்டு 1774. மாலை ஐந்து வரை பார்வையாளர்கள் முன்னால் வேறு காலத்துப் பேச்சு கூடாது. ஆபத்து என்றால் மட்டும் தலைத்தொப்பியைக் கழற்றிவிட்டு இன்றைய மனுஷியாகப் பேசலாம்.

பெரிய வீட்டுச் சமையற்கட்டில் ஒன்பது வருடமாக நான்தான் அந்தக் காலத்துச் சமையல்காரி. ஏப்ரலில் டெலியா வந்தாள். மேலாளர் வெண்டெல் சொல்லிவிட்டார்: சனிக்கிழமை இருவர் வேலையையும் பார்ப்பார், ஒருத்திக்கு அடுப்பு, மற்றவளுக்குத் துணி வெளுக்கும் முற்றம்.

அந்தச் சனிக்கிழமை அவள் பூப்போட்ட பருத்திப் பாவாடையில் வந்தாள். அடுப்படியில் நாங்கள் கம்பளிதான் உடுத்துவோம். பொறி விழுந்தால் கம்பளி கருகி அணைந்துவிடும், பருத்தி பற்றிக்கொள்ளும். அவளுக்கு யாரும் அதைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

"எப்படி இருக்கு, லொரேன்?"

"உனக்கென்னம்மா, கோணியைச் சுத்திட்டு வந்தாலும் கூட்டம் உன் பின்னாடிதான்."

"ஐயோ, வயிறு எரியுதா?"

"அடுப்புகிட்ட நிக்கிறேன்ல, எரியத்தான் செய்யும்."

சோளமாவில் வெல்லப்பாகை ஊற்றிக் கிண்டியபடி டெலியா ஏதோ சொன்னாள். பார்வையாளர்கள் முப்பது பேரும் சிரித்தார்கள். வருடாவருடம் என்னையே தேடி வரும் கிழவர் அவளுக்குக் கரண்டி பிடித்துக்கொண்டு நின்றார். கதவோரம் வெண்டெல் வாயெல்லாம் பல்லாக இருந்தார். என் சமையலுக்கு அவர் ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை.

அவள் பானையை இறக்கக் குனிந்தபோது விறகு உடைந்து, ஒரு கங்கு பாவாடையின் பின்விளிம்பில் ஒட்டியது. புகை எழுந்தது. பார்த்தது நான் மட்டும்தான்.

ஒரு மூச்சு விடும் நேரம் சும்மா நின்றேன். பிறகு தொப்பியைப் பிடுங்கி எறிந்தேன்.

"டெலியா, அசையாதே! பாவாடையில தீ!"

வாளித் தண்ணீரை அவள்மேல் கொட்டினேன். நாடகம் என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது.

வெண்டெல் ஓடி வந்தார். "நல்லவேளை, நீ பார்த்தே. அடுப்பு உன்கிட்டயே இருக்கட்டும், லொரேன்."

டெலியா என் கையைப் பிடித்தாள். "இந்தத் துணி இங்க ஆகாதுன்னு உனக்குத் தெரியுமா?"

"காலையிலேயே தெரியும்."

கையை இழுத்துக்கொண்டாள். வெண்டெல் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, தன் கோட்டைக் கழற்றி அவளுக்குப் போர்த்தினார். கிழவர் நாற்காலி கொண்டுவந்தார். அப்போதும் எல்லோரும் அவளைச் சுற்றித்தான் நின்றார்கள்.