முதல் பதினொருவர் மட்டும்

மார்ச் மாதம் பதினான்காம் நாள், செவ்வாய்க்கிழமை. திவாலாகி நடுத்தெருவுக்கு வந்தவரின் படம் செய்தித்தாளின் முதல் பக்கத்தில் அரைப்பக்க அளவுக்கு வந்திருந்தது. யாரிடமும் ஒரு காசு கடன்படாமல் வாழ்ந்தவரின் முழங்கை மட்டும் அந்தப் படத்தின் இடது ஓரத்தில் தெரிந்தது. முழங்கைக்கு உரியவரின் குறை இதுதான். அதை அவர் மறைத்ததும் இல்லை.

அவரை ஆட்டக்காரர்கள் ‘பெஞ்சு’ என்று அழைத்தார்கள். பதினோர் ஆண்டுகள் ஒரே கால்பந்து அணியில் இரண்டாவது கோல்கீப்பராக இருந்தவர். மற்ற இடங்களில் ஆடுகிறவனுக்குக் கால் சுளுக்கும், மூச்சு வாங்கும், மாற்று ஆள் இறங்குவான். கோல்கீப்பர் ஓடுவதுமில்லை, களைப்பதுமில்லை. அவன் விழுந்தால்தான் அடுத்தவனுக்கு வாழ்வு. முதல் கோல்கீப்பரோ விழவே இல்லை. ஊரார் அவருக்கு வைத்த பெயர் ‘மதில்’. பதினோர் ஆண்டுகளில் மதிலுக்கு ஒரு சளிகூடப் பிடிக்கவில்லை. வெற்றி உறுதியான ஆட்டங்களின் கடைசியில் பெஞ்சு களத்தில் நின்றது மொத்தம் பத்தொன்பது நிமிடங்கள். அந்தப் பத்தொன்பது நிமிடங்களிலும் பந்து அவர் பக்கம் வந்து எட்டிப் பார்க்கவில்லை.

ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றபின் பெஞ்சு தம் சேமிப்பைக் கொண்டு குளியலறை ஓடுகளும் குழாய்களும் விற்கும் கடை வைத்தார். அவரிடம் கடன் கேட்டு யாரும் வரவில்லை. புகழ் இல்லாதவனிடம் பணம் இருக்கும் என்று எவனுக்கும் தோன்றுவதில்லை. மதில் வீட்டு வாசலிலோ உறவினர் வரிசை குறையவே இல்லை. சித்தப்பா மகனுக்கு ஓர் உணவகம். மச்சானுக்கு ஒரு படகு நிறுவனம், அதில் கடைசிவரை படகே வாங்கப்படவில்லை. கார்கள் நான்கு; நான்காவது கார் வாசற்கதவைவிட அகலம் என்பதால் ஐந்து மாதங்கள் தெருவிலேயே நின்றது. இவற்றையெல்லாம்கூட மதில் தாங்கியிருப்பார். அவரைச் சாய்த்தது ஒரு ஜாமீன் பத்திரம். அவருடைய ஒப்பந்தங்களைப் பேசி முடிக்கும் முகவர், விடுதி ஒன்று கட்டுவதற்காக ஏழு கோடி கடன் வாங்கினார். அதற்கு மதில் ஜாமீன் கையெழுத்திட்டிருந்தார். விடுதி தூண்களோடு நின்றது; முகவர் நாட்டைவிட்டே போய்விட்டார்; வங்கி மதிலைப் பிடித்துக்கொண்டது. தாயும் இரண்டு மகள்களும் குடியிருக்கும் வீடு ஏலத்துக்கு வரப்போகிறது.

செய்தியைப் பெஞ்சு மூன்றாம் முறை வாசித்துக்கொண்டிருந்தபோது, எதிரே காலை உணவை முடித்துக்கொண்டிருந்த மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“வருத்தமா இருக்கா, இல்ல வருத்தப்படுற மாதிரி இருக்கீங்களா?”

“முதல் பக்கத்துல போட்டிருக்கான் பாரு. கப்பு வாங்கினப்பவும் முதல் பக்கம், கடன் வாங்கினப்பவும் முதல் பக்கம்.”

“நீங்களும் ஏழு கோடி கடன் வாங்குங்க. உங்க முழங்கையோட தோளும் சேர்ந்து வரும்.”

பெஞ்சுக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரார் ஒரு கண்ணில் வெண்ணெயும் மறு கண்ணில் சுண்ணாம்பும் வைக்கிறார்கள் என்று முணுமுணுத்தபடியே கடைக்குக் கிளம்பினார்.

அன்று பிற்பகல் மதிலே கடைக்கு வந்து நின்றார். கூடவே ஒரு வழக்கறிஞர், ஒல்லியான இளம்பெண். கையில் பழுப்பு நிற உறை. வழுக்காத ஓடு எது என்று ஒரு மணி நேரமாகப் பெஞ்சின் உயிரை எடுத்துக்கொண்டிருந்த வாடிக்கையாளர், மதிலைக் கண்டதும் ஓட்டை மறந்தார், குழாயை மறந்தார், கூட வந்த தம் மனைவியையும் மறந்தார். கையிலிருந்த மாதிரி ஓட்டையே நீட்டிக் கையெழுத்துக் கேட்டார். மதில் பேச்சை நிறுத்தாமலும் ஓட்டைப் பார்க்காமலும் ஒரு கோடு இழுத்து ஒரு புள்ளி வைத்தார். கோல்கம்பமும் பந்தும் போன்ற அந்தக் கையெழுத்துக்கு ஒரு விநாடி போதும். மாதிரி ஓடு விற்பனைக்கு இல்லை என்றார் பெஞ்சு. இரட்டை விலை தருவதாகச் சொல்லி வாடிக்கையாளர் அதை மார்போடு அணைத்துக்கொண்டு போனார். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன். எலிக்கு எந்தக் காலத்திலும் விலை இல்லை என்று பெஞ்சு எண்ணிக்கொண்டார்.

மதில் இளைத்திருந்தார். ஆனாலும் கடைக்குள் நுழைந்தவர் நாற்காலிக்காகக் காத்திருக்கவில்லை. விலை உயர்ந்த குளியல்தொட்டி ஒன்றின் விளிம்பில் உரிமையோடு அமர்ந்தார். வந்த காரியத்தை வழக்கறிஞர் சொன்னார். அந்த ஜாமீன் பத்திரத்தில் மதில் தெரிந்து கையெழுத்திடவில்லையாம். ஏழு ஆண்டுகளுக்கு முன், கோப்பைக்கான இறுதி ஆட்டத்தன்று காலை, உடைமாற்றும் அறையில் ரசிகர்களுக்கான சுவரொட்டிகளில் கையெழுத்திட்டபோது முகவர் அதை நடுவே செருகியிருக்க வேண்டும் என்பது வழக்கறிஞரின் ஊகம். பத்திரத்தின் தேதியும் ஆட்டத்தின் தேதியும் ஒன்றாக இருந்தன. ஆனால் ஊகத்தை, வங்கிக் கடன் வழக்குகளைக் கேட்கும் விசாரணை அலுவலகம் ஏற்காது. அன்று கையெழுத்து மேசையருகே இருந்த ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும்.

“நீதானடா தாளெல்லாம் எடுத்துக் குடுப்ப” என்றார் மதில். “எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. நான் என்னைக்கு எதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்?”

வழக்கறிஞர் வாக்குமூலத்தை எழுதியே கொண்டுவந்திருந்தார். உறையிலிருந்து எடுத்து, தண்ணீர்க் குழாய்களுக்கு நடுவே இடம் பார்த்து வைத்தார்.

“உங்க கையெழுத்து ஒண்ணு போதும் சார். அது இல்லன்னா இந்த வழக்கு நிக்காது.”

பெஞ்சு பேனாவைத் தொடவில்லை. தம் கையெழுத்தைத் தேடி ஒருவர் வந்தது வாழ்நாளில் இதுவே முதல் முறை, அதுவும் மதிலுக்காக. வாசித்துவிட்டுச் சொல்வதாகக் கூறி அவர்களை அனுப்பினார்.

அவர் எதையும் வாசித்துவிடுகிறவர். பதினோர் ஆண்டுகள் சும்மா அமர்ந்திருந்தவருக்கு வேறு என்ன வேலை? தைலப் புட்டியின் பின்புறத்திலிருந்து தீயணைப்புக் கருவியின் எச்சரிக்கைவரை அந்த அறையில் அச்சாகியிருந்த அனைத்தும் அவருக்கு மனப்பாடம். ஆகவேதான் அந்தக் காலையும் அவருக்கு மறக்கவில்லை.

ஒவ்வோர் ஆட்டத்துக்கும் இரண்டு மணி நேரத்துக்கு முன் உடைமாற்றும் அறையில் நீண்ட மேசை ஒன்றைப் போடுவார்கள். பந்துகள், சட்டைகள், சுவரொட்டிகள் எல்லாம் அதில் குவிந்திருக்கும். மதில் மேசையின் தலைப்பக்கத்தில் அமர்ந்து முதலில் கையெழுத்திடுவார். பிறகு அது ஒவ்வொருவராகக் கைமாறிப் போகும். பெஞ்சின் கையெழுத்து யாருக்கும் தேவைப்படாததால், தாள்களை எடுத்து நீட்டும் வேலை அவருக்கு வந்தது. அன்று இறுதி ஆட்டம், குவியலும் பெரிது. சுவரொட்டிகளுக்கு நடுவே மடித்த தாள் ஒன்று வந்தது. கீழ்ப்பகுதி மட்டும் வெளியே தெரிந்தது. ‘ஜாமீன்தாரர்’ என்று அச்சிட்டு, அடியில் புள்ளிக்கோடு. மடிப்பை விரலால் விலக்கினார், தொகையும் தெரிந்தது. நிமிர்ந்தார். முகவர் கதவோரம் நின்று கைப்பேசியைப் பார்ப்பதுபோல் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ‘மதிலு, இதைப் படி’ என்னும் சொற்கள் பெஞ்சின் தொண்டைவரை வந்துவிட்டன.

அந்த நேரத்தில் அவருடைய மற்றொரு கையில் ஒரு பந்து இருந்தது. இறுதி ஆட்டம் அல்லவா, தாமும் ஓர் ஓரத்தில் கையெழுத்திடலாம் என்று எடுத்துவைத்திருந்தார். விளம்பர நிறுவனத்துப் பெண் ஒருத்தி வந்து அதை மெல்ல வாங்கிக்கொண்டாள்.

“நீங்க வேண்டாம் சார். முதல் பதினொரு பேரு மட்டும்.”

மேசையைச் சுற்றி யாரோ சிரித்தார்கள். மதிலும் சிரித்தார். பெஞ்சு சொற்களை விழுங்கினார், தாளை நகர்த்தினார். ஒரு கோடு, ஒரு புள்ளி. அடுத்த சுவரொட்டி வந்தது.

மதில் கடைக்கு வந்து இரண்டு வாரங்கள் கழித்து விசாரணை நடந்தது. அன்று காலை சட்டைக்கு இஸ்திரிப் பெட்டி போட்டுக்கொண்டிருந்த மனைவியிடம் பெஞ்சு முதன்முறையாக உண்மையைச் சொன்னார். அவள் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். வழக்கறிஞர் எழுதிய தாளில் என்ன இருக்கிறது என்று கேட்டாள். தாள்களை எடுத்துக் கொடுத்தது தாம்தான் என்றும், நடுவில் பத்திரம் இருந்ததைத் தாமும் கவனிக்கவில்லை என்றும் இருப்பதாக இவர் சொன்னார். அவளுக்கு அது பிடிக்கவில்லை.

“மதில்மேல் பூனையா இருந்தது போதும். எந்தப் பக்கமாவது குதிங்க.”

“சொன்னா ஊரே சிரிக்கும்.”

“இப்ப மட்டும் ஊரு உங்களைப் பார்த்துத் தேம்பித் தேம்பி அழுவுதா?” என்றவள், காலரை மீண்டும் ஒரு முறை தேய்த்தாள்.

விசாரணை அலுவலகம் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தது. சுவரோரம் கோப்புகள் ஆள் உயரத்துக்கு அடுக்கப்பட்டிருந்தன; மின்விசிறி கழுத்தை ஆட்டி ஆட்டி ஒவ்வொருவரையும் முறை வைத்துப் பார்த்தது. மதில் படியேறியபோது கீழ்மாடிகளின் எழுத்தர்கள் எல்லாரும் வராந்தாவுக்கு வந்துவிட்டார்கள். பின்னால் வந்த பெஞ்சை வாசற்காவலர் நிறுத்தி, யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்.

விசாரணை அதிகாரி மூக்குக்கண்ணாடி அணிந்த, குரலை உயர்த்தாத அம்மையார். வங்கியின் வழக்கறிஞர் தம் வாதத்தைச் சுருக்கமாக முடித்தார்: கையெழுத்து மதிலுடையது, மதில் குழந்தை அல்லர். அடுத்து அதிகாரி, பெஞ்சு இன்னும் கையெழுத்திடாத வாக்குமூலத்தை வாசித்தார், கண்ணாடியைக் கழற்றினார்.

“பத்திரத்தை நீங்க கவனிக்கலன்னு இதுல இருக்கு. கவனிக்காத தாள் அந்த மேசையிலதான் இருந்ததுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

நியாயமான கேள்வி. மதிலின் வழக்கறிஞர் தலைகுனிந்துகொண்டார். பதினோர் ஆண்டுகள் வராத பந்து இப்போது நேராக வருகிறது என்பது பெஞ்சுக்கு விளங்கியது. கவனிக்கவில்லை என்று இடப்பக்கம் பாய்ந்தால் மதிலின் வீடு போகும், தம் பெயர் நிலைக்கும். கவனித்தேன் என்று வலப்பக்கம் பாய்ந்தால் வீடு நிலைக்கும், பெயர் போகும். சும்மா நின்றாலும் வீடு போய்விடும். யாரும் இவரைக் குறை சொல்லமாட்டார்கள். இதுவரை சும்மா நின்றதற்காக யாரும் குறை சொல்லவில்லையே. எதிர்வரிசையில் மதிலின் தாய் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இவரையே பார்த்திருந்தார்.

“கவனிச்சேன்மா” என்றார் பெஞ்சு. “மடிப்பைப் பிரிச்சுப் படிச்சேன். ஜாமீன்னும் இருந்தது, ஏழு கோடின்னும் இருந்தது. அவன் படிக்கல. நான் சொல்லவும் இல்ல.”

“ஏன் சொல்லல?”

“பொறாமைம்மா.”

எழுதிக்கொண்டிருந்த எழுத்தர் கையை நிறுத்தி அதிகாரியைப் பார்த்தார். அதையும் எழுதச் சொன்னார் அவர். திருத்திய வாக்குமூலம் அச்சாகி வந்ததும் பெஞ்சு முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை நிறுத்தி வாசித்தார். இரண்டு பிழைகளைத் திருத்தினார். பிறகு தம் முழுப்பெயரையும் தெளிவாக எழுதிக் கையெழுத்திட்டார்.

வெளியே வராந்தாவில் மதில் சுவரில் சாய்ந்து நின்றார்.

“எதுக்குடா பொறாமை? வீட்டுக்கா? காருக்கா?”

“கையெழுத்துக்கு.”

“அந்தக் கையெழுத்தாலதான்டா எங்கம்மா இன்னைக்கு இந்தப் படியெல்லாம் ஏறி வந்திருக்காங்க.”

“தெரியும். தெரிஞ்சும் பொறாமையாத்தான் இருக்கு.”

மதில் அடிப்பார் என்றுதான் பெஞ்சு நினைத்தார். அடித்திருந்தால் ஒருவேளை எரிச்சல் தணிந்திருக்கும். மதில் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஓர் எழுத்தர் நெளிந்தபடி வந்து, தம் மனைவிக்காக ஒரு கையெழுத்து வேண்டுமென்று இரண்டாக மடித்த தாளை நீட்டினார். மதிலின் கண்கள் பெஞ்சின்மீதே இருந்தன. கை மட்டும் தானாக நீண்டது. ஒரு கோடு, ஒரு புள்ளி.

பெஞ்சு பாய்ந்து அந்தத் தாளைப் பறித்துப் பிரித்தார். உள்ளே எழுத்தரின் விடுப்பு விண்ணப்பம் இருந்தது. மேலதிகாரி ஒப்பமிடும் இடத்தில் மதிலின் கோல்கம்பம் நின்றது.

“இவருக்கு மூணு நாள் லீவு குடுத்துட்ட” என்றார் பெஞ்சு.

பின்னால் வந்து நின்ற மதிலின் தாய் முதலில் சிரித்தார். மதில் சிரிக்கவில்லை. விண்ணப்பத்தை வாங்கி, மேலிருந்து கீழ்வரை, உதடுகளை அசைத்து அசைத்து வாசித்தார். எழுத்தரோ இன்னொரு தாளைத் தேடி எடுத்துவந்து மதிலிடமே மறுபடியும் நீட்டினார். பக்கத்தில் நின்ற பெஞ்சிடம் அவர் பேனாவைக்கூடக் கடன் கேட்கவில்லை.

மூன்று வாரங்களில் தீர்ப்பு வந்தது. ஜாமீன் செல்லாது, வீடு தப்பியது, மற்றக் கடன்களிலிருந்து கார்கள் தப்பவில்லை. மறுநாள் செய்தித்தாளில் பெஞ்சின் முகம் முதன்முறையாக முழுதாக வந்தது. அடியில் ‘பொறாமையால் வாய்மூடிய மாற்று வீரர்’ என்று அச்சிட்டிருந்தார்கள். படம் நன்றாக விழுந்திருப்பதாக மனைவி சொன்னாள். அதே பக்கத்தில் மதிலின் படம் அதைவிட இரண்டு விரல்கடை பெரிதாக இருந்தது. பெஞ்சு அளவுகோலை எடுத்து அளந்தே பார்த்துவிட்டார்.

இதை வாசிக்கிற நீங்களும் என்றாவது ஒருநாள் ஓர் ஆட்டக்காரரிடம் தாளை நீட்டுவீர்கள். நீட்டுங்கள், தவறில்லை; ஆனால் மடிக்காமல் நீட்டுங்கள். அவர் பேனாவைத் திறக்குமுன் ‘படித்துப் பாருங்கள்’ என்று வாய்திறந்து சொல்லுங்கள். அவர் கையெழுத்திட்டதும் ஓடிவிடாதீர்கள். பக்கத்தில் நிற்கிறாரே ஒருவர், அவரிடமும் ஒரு கையெழுத்தைக் கேட்டு வாங்குங்கள்.