கோழிக்குப் போன பிடி அரிசி

“என் மகளப் பீடத்துக்கு முன்னால நிக்க வெச்சு, ‘இவ வீட்டுல கஷ்டம்’னு வாசிக்கப் போறீங்களா? வாசிச்சுத்தான் பாருங்களேன்!” என்று கத்தினார் அமல்தாஸ்.

“கத்தாத அமல்தாஸு. சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்தான்லா,” என்றாள் மாதர் சங்கத் தலைவி கத்தரீன். அவள் குரலும் ஒன்றும் தாழ்வாக இல்லை.

“யாரு போட்ட சட்டம்?”

“நான் போட்டதுதான். அதுக்கென்ன இப்ப?”

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து, சாமியாரின் கார் தானா ராத்தா டவுன் பக்கம் திரும்பிய அடுத்த நிமிடம் இது தொடங்கிவிட்டது. நான் செருப்பைத் தேடுவதுபோல மாதா கோயில் வாசலிலேயே நின்றுகொண்டேன். செருப்பு என் காலில்தான் இருந்தது.

எழுபத்தெட்டாம் ஆண்டு அது. அமல்தாஸின் மூத்த மகள் பார்பராவுக்கு மலைக்குக் கீழே ஈப்போ டவுனில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. டைப்பிங், சுருக்கெழுத்து, ஆபீஸ் வேலை எல்லாம் சொல்லித் தரும் இரண்டு வருடப் படிப்பு. கட்டணம் அதிகமில்லை. அறை வாடகையைத் தேயிலை ஆலைச் சம்பளத்தில் அமல்தாஸ் எப்படியோ தேற்றிவிட்டார். சோற்றுக்குத்தான் வழியில்லை, வீட்டில் இன்னும் மூன்று வாய்கள் இருந்தன. அடுத்த திங்கட்கிழமைக்குள் போய்ச் சேராவிட்டால் இடம் வேறு யாருக்கோ போய்விடும், பார்பரா கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போவாள்.

எங்கள் எஸ்டேட் கிறிஸ்தவப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்போம். ஞாயிற்றுக்கிழமை அதைக் கொண்டுவந்து கோயிலுக்குப் பின்னால் இருக்கும் பெரிய டின்னில் கொட்டுவோம். மாதம் ஒரு முறை அதை விற்று, படிக்கிற பிள்ளைகளுக்குக் கொடுப்பது வழக்கம். பதினாறு வீட்டு அரிசி கலந்த கலவையை மனிதர் யார் வாங்குவார்கள்? பக்கத்து ஊரான திரிங்காப்பில் கோழி வளர்க்கும் சீனர் ஒருவர்தான் வாங்குவார்.

கத்தரீனின் சட்டத்துக்குக் காரணம் டொனால்ட் என்ற பையன். படிப்புக்கென்று வாங்கிய பணத்தில் மோட்டார் சைக்கிள் எடுத்துக்கொண்டு பினாங்குப் பக்கம் போனவன், இன்றுவரை போய்க்கொண்டே இருக்கிறான். அதிலிருந்து, பணம் வாங்குகிற பிள்ளை பூசையில் எல்லாருக்கும் முன்னால் நிற்க வேண்டும், பெயரை வாசிப்பார்கள். அமல்தாஸோ, அதற்கு முந்தின வருடம் கோயில் அறுப்புத் திருநாள் ஏலத்தில், இரண்டு வெள்ளிகூடப் பெறாத ஒரு பூசணிக்காயை முப்பது வெள்ளிக்கு எடுத்துப் பெயர் வாங்கிய மனுஷன். அவர் மகளாவது, நிற்பதாவது!

அதுவரை தண்ணீர்க் குழாயருகே நின்றிருந்த பார்பரா மெதுவாகக் கத்தரீனிடம் வந்தாள்.

“பெரியம்மா, பணம் வாங்குறவங்க பேரத்தானே வாசிப்பீங்க?”

“ஆமா.”

“எனக்குப் பணம் வேணாம். அரிசியாவே குடுங்க. அங்க நாங்க நாலு பொண்ணுங்க சேர்ந்துதான் சமைக்கப் போறோம்.”

கத்தரீன் போட்ட சட்டத்தில் அரிசியைப் பற்றி எதுவும் இல்லை.

“பிச்ச அரிசியா?” என்று மறுபடி எகிறினார் அமல்தாஸ்.

அமல்தாஸின் மனைவி இராசம்மா, புருஷன் பேசும்போது குறுக்கே பேசி நான் பார்த்ததில்லை. லயத்து வரிசையில் அவர்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான், நானே பார்த்ததில்லை என்றால் யாருமே பார்த்ததில்லை. அன்றைக்குப் பேசினாள்.

“பதினாலு வருஷமா தெனம் ஒரு பிடி எடுத்து வெக்கிறேன். ஒரு நாளாச்சும் உங்களுக்குச் சோறு கொறஞ்சுதா? அது என் அரிசி. என் மக திங்கட்டும்.”

அமல்தாஸ் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார், அவ்வளவுதான்.

அப்புறம்தான் எங்கள் மானம் போனது. டின்னைத் திறந்து, முறத்தில் கொட்டிப் பரப்பினாள் கத்தரீன். நொய், கல், உமி, ஊரும் வண்டு. ஒரு மூலையில் பழைய அரிசி கட்டியாகிப் பூசணம் பூத்துக் கிடந்தது. கோழிக்குத்தானே போகிறது என்று ஆளாளுக்குப் பானை அடியைச் சுரண்டிக் கொட்டியிருக்கிறோம். கடவுளுக்கு என்று சொல்லி!

“ஜெயா, இந்த நொய்யி உன் வீட்டுதுதானே?” என்றாள் கத்தரீன்.

“எல்லார் வீட்லயும் நொய்யி இருக்குதுக்கா,” என்றேன்.

பார்பரா குனிந்து பார்த்தாள். முகம் சுளிக்கவில்லை. “பரவால்ல பெரியம்மா. பொடைச்சுக் கஞ்சி வெச்சுக்குவோம்,” என்றாள்.

அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை. பதினாறு பெண்களும் வீட்டுக்குப் போனோம்.

சனிக்கிழமை மாலைக்குள் அந்தப் பழைய அரிசி கோழிக்கே போய்விட்டது, டின் புதிதாக நிறைந்திருந்தது. எவரும் எவரையும் கேட்கவில்லை. ஒருத்தி விலை கூடின சயாம் அரிசி கொண்டுவந்தாள் என்று தெரிந்ததும் அடுத்தவள் அதைவிட நல்லதாகப் பார்த்து வாங்கிவந்தாள். நானும் கடைக்கு ஓடினேன் என்பதை மறைக்கவில்லை. பக்கத்து லயத்து மாரியம்மா இந்து. அவளும் இரண்டு படி கொண்டுவந்து, “எங்க சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது, புடிங்க,” என்று கொட்டிவிட்டுப் போனாள். எல்லாம் ஒரே பானையில் வேகாது என்று புழுங்கலைத் தனியாக, பச்சரிசியைத் தனியாகக் கட்டிக் கொடுத்தாள் கத்தரீன்.

திங்கட்கிழமை காலையில் ஈப்போவுக்குப் போகும் காய்கறி லோரியில் பார்பரா ஏறினாள். மூட்டைகளை ரோடுவரை தோளில் சுமந்தது அமல்தாஸ். டிரைவர் காளிமுத்து, “என்னண்ணே, கல்யாணச் சீரா?” என்று கேட்க, “எங்க வீட்டு அரிசிப்பா,” என்றார் கூசாமல்.

இரண்டு வருடம் மாதாமாதம் லோரியில் அரிசி போனது. கத்தரீன் தன் சட்டத்தை முழுசாக விட்டுவிட்டாள் என்று நினைக்க வேண்டாம். பூசையில், “பெயர் சொல்ல விரும்பாத ஒரு மகளுக்காக மன்றாடுவோம்,” என்று சத்தமாகச் சொல்வாள். மொத்தக் கோயிலும் திரும்பி இராசம்மாவைப் பார்க்கும்.

பார்பரா படிப்பை முடித்து ஈப்போவிலேயே ஒரு வக்கீல் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தாள். எண்பத்திரண்டில், அறைத் தோழி சாரதாவின் அண்ணன் சாம்பசிவத்தைக் கட்டிக்கொண்டாள். இந்துப் பையன். அமல்தாஸ் மூன்று மாதம் கத்தினார், பிறகு மாப்பிள்ளை வாங்கித் தந்த கோட்டைப் போட்டுக்கொண்டு கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார்ந்தார். தம்பதி குவாந்தானுக்குக் குடிபோனார்கள். கத்தரீன் மகனோடு சிரம்பானுக்குப் போய்விட்டாள். ஆலை வேலை முடிந்ததும் அமல்தாஸும் இராசம்மாவும் மகளிடமே போனார்கள். இங்கே அவர்கள் இருந்த வீட்டுக்குக் கோலா தெர்லாவிலிருந்து ஒரு குடும்பம் வந்திருக்கிறது. நல்லவர்கள்தான். புருஷனும் பெண்டாட்டியும் ரொம்பத் தணிந்து பேசுகிறார்கள், சுவருக்கு இந்தப் பக்கம் ஒன்றும் காதில் விழுவதில்லை.